சிற்றுண்டியும் ஆங்கில வாய்மொழிச் சோதனையும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)





ஆண்டு விழாவிலே பேச வருவோர் பெரும் பொருளொன்றை எடுத்துப் பேசுவது நம் மரபு. கல்வியின் மாண்பு, தொண்டின் சிறப்பு, மொழியின் தொன்மை என்றிவற்றைப் பலரும் பலமுறை பேசியிருக்கின்றனர். நான் எடுத்துக்கொண்ட பொருளோ கச்சானும் வடையும். தலைப்பு வாசிக்கப்பட்டபோது முன்வரிசையிலே சிலர் புன்னகை பூத்ததைக் கண்டேன். அந்தப் புன்னகையை நான் குறையாகக் கொள்ளவில்லை. ஆயினும், இப்பொருள் சிரித்துவிட்டு விடக்கூடியது அன்று என்பதை இன்னும் சற்று நேரத்திலே நீங்களே உணர்வீர்கள்.

நம் பிள்ளைகளிற் பலர் இன்று ஓர் ஆங்கிலச் சோதனைக்குத் தோற்றுகின்றனர். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்பது அதன் பெயர். 1989 ஆம் ஆண்டிலே தொடங்கிய இச்சோதனையைப் பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து நடத்துகின்றன. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள் இதிலுண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது வரை படிநிலை வழங்கி, நான்கின் சராசரியை மொத்தப் பெறுபேறாகக் கணிப்பர். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலே இடம் வேண்டுவோரும், தாதியராகவோ பொறியியலாளராகவோ பணி வேண்டுவோரும், குடியேற விரும்புவோரும் இதன் பெறுபேற்றைக் காட்ட வேண்டியிருக்கின்றது. இந்தச் சோதனைக்குக் கட்டணம் கட்டுவதற்காகத் தாயின் காதிலே கிடந்தது அடைவு கடைக்குப் போன வீடுகளும் நம்மிடையே உண்டு. ஆதலால் இது சிலருடைய தனி விடயம் அன்று, குடும்பங்களின் விடயம், ஊரின் விடயம்.

பேசுதற் பகுதி 11 முதல் 14 நிமிடம் வரை நடைபெறும். பரீட்சகர் ஒருவர், பரீட்சார்த்தி ஒருவர். இருவரும் எதிரெதிரே இருந்து பேசுவர். சில இடங்களிலே காணொளி வாயிலாகவும் பேசுவதுண்டு. பேச்சு முழுவதும் ஒலிப்பதிவு செய்யப்படும். முதற் பாகத்திலே நான்கைந்து நிமிடம் அன்றாட வாழ்க்கை பற்றிய கேள்விகள். இரண்டாம் பாகத்திலே ஓர் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிடம் சிந்திக்க விட்டு, இரண்டு நிமிடம் வரை தனியே பேசச் சொல்லுவர். மூன்றாம் பாகத்திலே மறுபடியும் நான்கைந்து நிமிடம் சற்று ஆழமான உரையாடல்.

அந்த முதற் பாகத்திலேதான் நம் கச்சானும் வடையும் வருகின்றன. உமக்குச் சிற்றுண்டி பிடிக்குமா? எந்த வேளையிலே கொறிப்பீர்? சிறுவயதிலே என்ன தின்றீர்? இப்போது உம் பழக்கம் மாறியிருக்கின்றதா? உம் நாட்டிலே எவ்வகைப் பலகாரங்களை மக்கள் விரும்புகின்றனர்? இத்தகைய கேள்விகளை வைத்து நம் பிள்ளைகள் பயிற்சி செய்கின்றனர்.

இதைக் கேட்ட பெரியவர் ஒருவர் என்னிடம் வினவினார்: "பிள்ளை இஞ்சினியர் வேலைக்குப் போகப் போகிறான். அவன் வடை தின்பதும் தின்னாததும் இவர்களுக்கு என்னத்துக்கு?" நியாயமான வினா. இதற்கு விடை சொல்லுவதே என் பேச்சின் முதற் கடமை.

அன்பர்களே, பரீட்சகருக்கு வடையிலே அக்கறை இல்லை. அவருக்கு வேண்டியது பேச்சு. அரசியலையோ விஞ்ஞானத்தையோ பற்றிக் கேட்டால், அதை அறிந்தவன் பேசுவான்; அறியாதவன் வாயடைத்து நிற்பான். அப்போது அளக்கப்படுவது ஆங்கிலமா, பொது அறிவா என்ற ஐயம் எழும். தின்பது பற்றிக் கேட்டால் எவரும் பேசலாம். செல்வனுக்கும் வறியவனுக்கும், பட்டதாரிக்கும் பள்ளி மாணவனுக்கும் இது தெரிந்த பொருள். மேலும், இந்தச் சிறு கேள்விகளுக்குள்ளே இலக்கணம் முழுதும் ஒளிந்திருக்கின்றது. வழக்கமாகச் செய்வது, முன்னர்ச் செய்தது, இப்போது மாறியது, ஒன்றைவிட மற்றொன்றை விரும்புவது, அதற்குக் காரணம் கூறுவது என இத்தனையையும் ஒரு வடை வெளியே கொண்டுவந்துவிடும்.

இனி, பரீட்சகர் எவற்றை நிறுத்துப் பார்க்கின்றார் என்பதை அறிதல் வேண்டும். நான்கு அளவைகள் உண்டு. தடையின்றித் தொடர்பாகப் பேசுதல் ஒன்று, சொல்வளம் இரண்டு, இலக்கணத்தின் விரிவும் திருத்தமும் மூன்று, உச்சரிப்பு நான்கு. நான்குக்கும் சமமான பங்கு. இவற்றுள்ளே "நல்ல உணவு உண்பவனா?" என்ற அளவை எங்கேனும் இருக்கின்றதா? இல்லை. "நாகரிகமான பலகாரத்தைச் சொன்னானா?" என்ற அளவை இருக்கின்றதா? அதுவும் இல்லை. பழம் தின்பவனுக்கு ஏழும், மிக்சர் தின்பவனுக்கு ஐந்தும் கொடுப்பவர் எவருமில்லை. "நான் சாப்பாட்டு வேளைகளுக்கு இடையிலே ஒன்றும் தின்பதில்லை" என்று ஒருவன் சொன்னாலும் அது நல்ல விடையே; ஏன் தின்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது நிறைந்த விடை.

இதை அறியாமையினாலேதான் நம் பிள்ளைகள் பலர் அல்லற்படுகின்றனர். ரியூற்றரிகளிலே அச்சடித்த விடைகளை வாங்கி மனனஞ் செய்கின்றனர். அவ்விடைகள் எப்படியிருக்கும் என்பதைத் தமிழிலே சொல்லிக் காட்டுகின்றேன்: "விரைந்து செல்லும் இந்நவீன உலகிலே சிற்றுண்டியானது இன்றியமையாத இடத்தை வகிக்கின்றது. ஆயினும், உடல்நலத்தைப் பேணும் ஒருவன் என்ற முறையிலே நான் கொட்டை வகைகளையும் பழவகைகளையுமே நாடுகின்றேன்." கேட்கச் சிறப்பாக இருக்கின்றது அல்லவா? பரீட்சகர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். பிறகு மெல்லக் கேட்பார்: "அப்படியா? நேற்றுப் பின்னேரம் என்ன சாப்பிட்டீர்?" அவ்வளவுதான். மழையிலே நனைந்த பட்டாசு போலாகிவிடும் பேச்சு. முதல் விடையிலே அருவியாய் வந்த ஆங்கிலம் இரண்டாம் விடையிலே சொட்டுச் சொட்டாய் வரும். அந்த வேறுபாட்டைக் காண்பதற்குப் பரீட்சகர் பெரும் புலவராயிருக்க வேண்டியதில்லை. மனனஞ் செய்த பேச்சைக் கண்டுகொள்வதற்கென்றே அவர் பழக்கப்பட்டவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றார்கள் நம் முன்னோர். ஏட்டுப் பலகாரமும் சோதனைக்கு உதவாது.

அப்படியானால் எதைச் சொல்லுவது? தின்பதைச் சொல்லுங்கள். உண்மையைச் சொல்லுவதிலே ஒழுக்கம் மாத்திரமன்று, வசதியும் இருக்கின்றது. நீங்கள் நேற்றுத் தின்ற கச்சானின் மணம் உங்கள் நினைவிலே இருக்கின்றது; அதை விற்றவர் கடதாசியைச் சுருட்டிக் கொடுத்த விதம் நினைவிலே இருக்கின்றது. நினைவிலே இருப்பதற்குச் சொல் தேடுவது எளிது. இல்லாததற்குச் சொல் தேடுவது அரிது.

ஆனால், இங்கேதான் பெரிய தடையொன்று குறுக்கிடுகின்றது. அது வெட்கம். "புழுக்கொடியல் என்று சொன்னால் அவருக்கு என்ன விளங்கும்? பட்டிக்காட்டான் என்று நினைப்பாரே!" என்று பிள்ளை அஞ்சுகின்றது. அஞ்சித் தான் ஒருநாளும் தின்னாத ஏதோவொரு மேல்நாட்டுப் பண்டத்தின் பெயரைச் சொல்லுகின்றது. சொன்ன பின் அதைப் பற்றி அடுத்த வசனம் பேச வழியின்றித் தவிக்கின்றது. அன்பர்களே, இந்த வெட்கத்துக்கு ஏதும் ஆதாரம் உண்டா என்று பார்ப்போம்.

ஆங்கில அகராதியைத் திறந்து பாருங்கள். "மல்லிகட்டோனி" என்றொரு சூப்பு இருக்கின்றது. அது நம் மிளகுதண்ணி. "கொஞ்சி" என்றொன்று இருக்கின்றது. அது நம் கஞ்சி. "பொப்படம்" இருக்கின்றது, அது நம் பப்படம். "கறி" இருக்கின்றது, அதற்கு விளக்கமே வேண்டா. நம் அடுக்களைச் சொற்கள் ஆங்கிலத்திலே எப்போதோ குடிபுகுந்துவிட்டன. நாமும் பிறருடைய சொற்களைக் கூச்சமின்றி ஏற்றிருக்கின்றோம். காலையிலே வாங்கும் பாண் போர்த்துக்கேயர் தந்த சொல். "ஸ்னாக்" என்ற ஆங்கிலச் சொல்லும் அவர்களது சொந்தச் சொத்தன்று. கடித்தல் என்னும் பொருளிலே பழைய டச்சு வழக்கிலிருந்து வந்தது என்பர். சொற்கள் கடல் கடந்து போவதும் வருவதும் இயல்பு. ஆகவே, "புழுக்கொடியல்" என்று நிமிர்ந்து சொல்லுங்கள். சொன்ன கையோடு விளக்கமும் சொல்லுங்கள்.

விளக்கம் சொல்லுவதற்கு ஒரு வழி கூறுகின்றேன். எதனாலே ஆனது, எப்படிச் செய்வது, எப்போது தின்பது என்ற மூன்றையும் சொன்னாற் போதும். புழுக்கொடியலை எடுத்துக்கொள்வோம். பனங்கொட்டையை மண்ணிலே பாத்தி கட்டி முளைக்க வைத்தாற் கிழங்கு உண்டாகும். அக்கிழங்கைப் பச்சையாகப் பிளந்து காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். ஒடியலை மாவாக்கிக் கூழுக்கும் பிட்டுக்கும் கொள்ளுவர். புழுக்கொடியலைத் தேங்காய்ச் சொட்டோடு கடித்துத் தின்பர். இதை ஆங்கிலத்திலே மூன்று சிறு வசனங்களிலே சொல்லலாம். பனாட்டைக் கேட்டால், பழுத்த பனம்பழத்தின் களியைப் பிழிந்து பாயிலே பரவி வெயிலிலே காயவைத்து வெட்டி எடுப்பது என்று சொல்லலாம். பருத்தித்துறை வடையைக் கேட்டால், உழுந்தும் மாவும் சேர்த்து மெல்லிதாய்த் தட்டி மொறுமொறுவென்று பொரித்தெடுப்பது, போத்தலில் இட்டு வைத்தாற் பல நாள் இருக்கும் என்று சொல்லலாம். இப்படிச் சொல்லும்போது அவித்தல், காயவைத்தல், பிளத்தல், பொரித்தல், மெல்லிது, மொறுமொறுப்பு என எத்தனை ஆங்கிலச் சொற்கள் தாமாகவே வேண்டியிருக்கின்றன, பாருங்கள். சொல்வளம் என்று பரீட்சகர் தேடுவது இதைத்தான். மனனஞ் செய்த அலங்காரச் சொல் பத்தைவிட, இடமறிந்து வந்த எளிய சொல் ஒன்று மேலானது.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் வீதியோரத்திலே கச்சான் கடைகள் நிறைந்திருக்கும். சுவாமி பார்த்துத் திரும்புவோர் கையிலே கச்சான் பொதியில்லாமல் வீடு திரும்புவது அரிது. இலங்கையின் தெருக்களிலே பாணும் பணிசும் கொண்டு முச்சக்கர வண்டி வரும்போது ஓர் இசை ஒலிக்கும். அது பீதோவன் என்னும் ஜேர்மானிய இசைமேதை 1810 ஆம் ஆண்டிலே இயற்றிய இசை. ஐரோப்பிய மாளிகைகளிலே பியானோவில் வாசித்த இசையைக் கேட்டவுடன் இங்கே சிறுவர்கள் மாலுபணிசுக்காக ஓடி வருகின்றார்கள்! இதை ஒரு பிள்ளை தன் விடையிலே சொன்னால் எந்த நாட்டுப் பரீட்சகரும் நிமிர்ந்து கேட்பார். இவையெல்லாம் நம் வீட்டு வாசலிலே கிடக்கும் பொருள்கள். இவற்றை விட்டு, அச்சடித்த தாளிலே ஏன் தேட வேண்டும்?

ஓர் எச்சரிக்கையும் சொல்லுதல் வேண்டும். நாம் இலங்கையிலே வழங்கும் சில ஆங்கிலச் சொற்கள் பிற நாடுகளிலே அப்பொருளிலே வழங்குவதில்லை. றோல்ஸ், பற்றிஸ், கட்லட் முதலியவற்றை நாம் "ஷோட் ஈற்ஸ்" என்போம். பால் கலவாத தேநீரை "பிளேன் ரீ" என்போம். பிற நாட்டார் அதனைக் கறுப்புத் தேநீர் என்னும் பொருள்பட "பிளாக் ரீ" என்பர். நம் சொற்கள் பிழையானவை அல்ல. ஆயினும் கேட்பவர் அறியாதவராயிருக்கலாம். பெறுபேற்றிலே ஐயுற்று மறுமதிப்பீடு கோரினால் ஒலிப்பதிவை வேறொருவர் கேட்பார். ஆதலால், "எங்கள் நாட்டிலே இதனை இப்படிச் சொல்லுவோம்" என்று ஒரு வசனம் கூட்டிச் சொல்லிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை. அந்த ஒரு வசனமே பேச்சுக்கும் அழகு தரும்.

இனி இலக்கணத்துக்கு வருவோம். இங்கே அங்கத்தவர்கள் சற்றுக் கூர்ந்து கேட்டல் வேண்டும். தமிழிலே, "பின்னேரத்திலே வடை சாப்பிடுகிறேன்" என்றாலும், "இந்தா, இப்போது வடை சாப்பிடுகிறேன்" என்றாலும் வினை ஒன்றே. ஆங்கிலத்திலே இரண்டுக்கும் வேறு வேறு வடிவம். வழக்கமாகச் செய்வதற்கு "ஐ ஈற்". இக்கணம் செய்துகொண்டிருப்பதற்கு "ஐ ஆம் ஈற்றிங்". நம் பிள்ளைகள் வழக்கத்தைச் சொல்லுமிடத்தும் "ஐ ஆம் ஈற்றிங்" என்று தொடங்கிவிடுகின்றனர். இதைவிட நுட்பமான இடம் ஒன்றுண்டு. "சின்ன வயதிலே நான் பனாட்டுத் தின்பேன்" என்கின்றோம். "தின்பேன்" என்பது எதிர்கால வடிவம். பொருளோ கடந்தகால வழக்கம். இதனை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால், இனிமேல் தின்னப்போவதாகப் பொருள்படும். ஆங்கிலத்திலே இவ்விடத்திற்கு "யூஸ்ட் ரு" என்பது உரிய வடிவம். சிறுவயது பற்றிய கேள்வி வந்தவுடன் இந்த வடிவம் நாவிலே வந்து நிற்றல் வேண்டும்.

எண்ணிலும் ஒரு வேறுபாடு உண்டு. கச்சான் நூறு இருந்தாலும் நமக்குக் கச்சான்தான். ஆங்கிலத்திலே அது பன்மை பெற்று "பீநற்ஸ்" ஆகும். பாணுக்கோ அவர்கள் பன்மை சொல்லுவதில்லை. ஒரு துண்டு, இரண்டு துண்டு என்று எண்ணுவர். ஈற்றிலே வரும் "ஸ்" என்ற சிற்றொலியை நாம் விழுங்கிவிடுகின்றோம். அது சிற்றொலியாயினும் இலக்கணத்துக்கு அச்சாணி.

உச்சரிப்பிலே ஒரு வேடிக்கையான இடர் இருக்கின்றது. சிற்றுண்டியைக் குறிக்கும் "ஸ்னாக்" என்ற சொல்லிலே நடுவிலுள்ள உயிரொலி தமிழிலே இல்லை. அது ஆகாரமுமன்று, ஏகாரமுமன்று. இரண்டுக்கும் நடுவே, வாயை அகலத் திறந்து ஒலிப்பது. சிங்களத்திலே அவ்வொலிக்குத் தனி எழுத்தே உண்டு. நம்மவர் அதனை ஏகாரத்தின் பக்கம் சாய்த்து ஒலித்தால் "ஸ்னேக்" ஆகிவிடும். அதற்குப் பொருள் பாம்பு. "தினமும் பின்னேரம் நான் பாம்பு தின்பேன்" என்று ஒரு பிள்ளை பணிவோடு சொன்னால் பரீட்சகர் திகைக்கத்தானே செய்வார்! சிரியுங்கள்; ஆனால் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியின் முன்னே நின்று இரண்டு சொற்களையும் மாறி மாறிச் சொல்லிப் பழகுங்கள். அன்றியும், சொல்லின் முன்னே இகரத்தைச் சேர்த்து "இஸ்நாக்" என்பதும், ஈற்றிலே உகரத்தைச் சேர்த்து "ஸ்நாக்கு" என்பதும் நம் நாவின் பழக்கங்கள். இவை தமிழின் இயல்பிலிருந்து வருவன. கொஞ்சப் பயிற்சியாலே திருந்துவன. ஆங்கிலேயனைப் போலவே ஒலிக்க வேண்டுமென்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. நாம் சொல்லுவது கேட்பவருக்குத் தெளிவாக விளங்க வேண்டும் என்பதே அளவை.

மூன்றாம் பாகத்திலே இதே பொருள் பெரிதாக வளரலாம். மக்கள் ஏன் முன்னையிலும் அதிகம் கொறிக்கின்றனர்? விளம்பரம் பிள்ளைகளைக் கெடுக்கின்றதா? அரசாங்கம் தலையிடலாமா? இங்கே பொதுவான விடயங்கள் சில தெரிந்திருந்தால் நன்று. நாளொன்றுக்கு உப்பு 5 கிராமுக்குக் குறைவாகவே இருத்தல் வேண்டும் என்பது உலக சுகாதார தாபனத்தின் அறிவுரை. நம் நாட்டிலே 2016 ஆம் ஆண்டிலிருந்து மென்பானப் போத்தல்களிலே சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்னும் நிறங்களாற் குறிக்கும் முறை வந்தது. 100 மில்லிலீற்றரிலே 11 கிராமுக்கு மேற் சீனியிருப்பின் சிவப்பு. இவற்றை ஓர் உதாரணமாகச் சொல்லி, "நிறத்தைப் பார்த்துத்தானா எங்கள் தெருவிலே சோடா வாங்குகின்றார்கள்? விலையைப் பார்த்தா?" என்று தன் ஊர் நிலையோடு ஒப்பிட்டுப் பேசுபவன் நன்றாகப் பேசுபவன். அறிவு கடலளவு வேண்டியதில்லை. கருத்து, காரணம், ஓர் உதாரணம் என்ற மூன்றும் ஒழுங்காக வந்தாற் போதும்.

இதுகாறும் நுட்பம் பேசினேன். இனிப் பேசப்போவது மனத்தைப் பற்றியது. பெரியோர்கள் பொறுமையோடு கேட்டருளுதல் வேண்டும்.

"சிறுவயதிலே என்ன தின்பண்டம் உமக்குப் பிடித்திருந்தது?" என்பது மேலெழுந்தவாரியாகப் பார்க்கின் இனிய கேள்வி. ஆனால், நம் நாட்டிலே எல்லாருடைய சிறுவயதும் இனிமையாகக் கழியவில்லை. 1990 களிலே பொருளாதாரத் தடையின்கீழ்ச் சீனியும் விசுக்கோத்தும் அருமையாகிப் பனங்கட்டியைக் கடித்துத் தேநீர் குடித்து வளர்ந்தவர்கள் இன்று நடுவயதிலே இச்சோதனைக்குப் போகின்றார்கள். 2009 ஆம் ஆண்டிலே குழந்தைகளாய் முகாம்களில் வரிசையிலே நின்றவர்கள் இன்று இளைஞராய்ப் போகின்றார்கள். வெளிச்சமான அறையிலே, அறியாத ஒருவர் முகமலர்ச்சியோடு இக்கேள்வியைக் கேட்கும்போது, அவர்களுள் ஒருவருக்குத் தொண்டை அடைத்தால் அது ஆங்கிலக் குறைவன்று. அதை எந்த இலக்கணப் புத்தகமும் தீர்க்காது.

அத்தகைய பிள்ளைகளுக்கு நான் சொல்லுவது இது. கேட்பவர் உங்கள் கண்ணீரைக் கேட்கவில்லை, ஆங்கிலத்தைக் கேட்கின்றார். உங்கள் துயரத்தை அந்த மேசையிலே வைத்துத்தான் ஆக வேண்டுமென்ற கடனில்லை. வேண்டுமானால், பாட்டி உருட்டித் தந்த எள்ளுருண்டை ஒன்றை மட்டும் நினைத்து, அதைச் சொல்லிவிட்டு நிறுத்தலாம். சொல்ல விரும்பினாலோ, தலை குனியாமற் சொல்லலாம்: "அந்நாளிலே சீனி கிடைக்கவில்லை; பனங்கட்டிதான் எங்கள் இனிப்பு; இன்றும் அதுவே எனக்கு விருப்பம்." இது எளிய வசனம். எந்த அச்சடித்த விடையிலும் இல்லாத வசனம். பட்ட வறுமை அவமானமன்று. அதைச் சொல்லும் உரிமை பட்டவருக்கே உரியது, சொல்லாதிருக்கும் உரிமையும் அவருக்கே உரியது. பயிற்சி கொடுக்கும் ஆசிரியர்களும் இதை மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு விண்ணப்பம். பிள்ளை வீட்டிலே இரண்டு வசனம் ஆங்கிலம் பேசினால், "பெரிய துரை வந்துவிட்டார்" என்று பரிகாசம் பண்ணாதீர்கள். பிழையைப் பிடித்து மாமா மாமியின் முன்னே திருத்தாதீர்கள். தண்ணீரிலே இறங்காமல் நீந்தப் பழகினவன் எவனுமில்லை. வாயைத் திறக்கப் பயந்த பிள்ளை பரீட்சகர் முன்னே திடீரென்று எப்படித் திறக்கும்? ஆங்கிலம் பேசினால் தமிழ் தேய்ந்துவிடும் என்று அஞ்சவும் வேண்டாம். தன் வீட்டுப் பலகாரத்தைப் பிறமொழியிலே விளக்கத் தெரிந்தவன், அதனைத் தமிழிலே நன்றாக அறிந்தவனாகத்தானே இருத்தல் வேண்டும்? ஒடியலுக்கும் புழுக்கொடியலுக்கும் வேறுபாடு தெரியாத பிள்ளை அதை எம்மொழியிலே சொல்லும்? இந்தச் சோதனைக்குப் படிப்பவன் முதலில் அம்மாவிடமும் அம்மம்மாவிடமும் போய், "இதை எப்படிச் செய்கிறது?" என்று கேட்க வேண்டியவனாகின்றான். அப்படிக் கேட்பதனாலே இரு மொழியும் வளரும்; வீடும் வளரும்.

முடிவாக, மன்றத்துக்கு ஒரு யோசனை. கிழமைக்கு ஒருநாள், ஒரு மணி நேரம், நம் மண்டபத்திலேயே ஒரு பேச்சு வட்டம் நடத்தலாம். மும்மூன்று பேராக இருத்தல் வேண்டும். ஒருவர் கேட்க, ஒருவர் விடை சொல்ல, மூன்றாமவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு பிழைகளை மெல்லக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு மூவரும் இடம் மாறுக. ஒரு கிழமை சிற்றுண்டி, மறு கிழமை வீடு, பின்னொரு கிழமை மழை, பேருந்து, நண்பர்கள் என்று பொருளை மாற்றிக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்கள் நம் ஊரிலே பலர் இருக்கின்றனர். அழைத்தால் மகிழ்ந்து வருவார்கள். பணமில்லை என்பதற்காக எந்தப் பிள்ளையும் பயிற்சியின்றிச் சோதனைக்குப் போகக் கூடாது. ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒருவர் தம் வீட்டிலிருந்து ஒரு பலகாரம் கொண்டுவரட்டும். கொண்டுவந்தவர் அதனை ஆங்கிலத்திலே விளக்கிய பின்பே மற்றவர்கள் கை வைக்கலாம் என்று ஒரு விதியும் செய்துகொள்ளுங்கள். பசியே நல்ல ஆசானாகிவிடும்!

பேசத் தெரியாமையினாலே வாய்ப்பிழந்த பிள்ளைகள் நம்மிடையே இருக்கின்றனர். அவர்களுக்கு அறிவு குறைவில்லை, உழைப்புக் குறைவில்லை. தம்மிடம் இருப்பதே சொல்லத் தக்கது என்ற துணிவுதான் குறைவு. அந்தத் துணிவைக் கொடுப்பது இப்படிப்பட்ட மன்றங்களின் வேலை.